ஐப்பசியில் புறப்பட்ட புத்தக வண்டி

1

1931ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் சிற்றூரில் ஒரு மாட்டுவண்டி தன் பயணத்தைத் தொடங்கியது. நெல்லும் வைக்கோலும் எருவும் ஏற்றிப் பழகிய மண்ணில் அந்த வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று நூலகவியலார் பரவலாகக் குறிப்பிடுவது இந்த வண்டியைத்தான். இதற்கு முன்கை எடுத்தவர் எஸ். வி. கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர். பின்னின்ற சிந்தனை, சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுடையது. மேலவாசல் இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தச் செய்தியை நாங்கள் பல கட்டுரைகளில் படித்திருக்கிறோம். நாங்களே ஓரிரு முறை எழுதியும் இருக்கிறோம். ஆயினும் அந்தத் தேதியை ஒருபோதும் நின்று கவனித்ததில்லை. அக்டோபர் 21 என்றால் ஐப்பசி பிறந்து நாலைந்து நாள். ஐப்பசி அடைமழை என்பது டெல்டாக்காரர்களுக்குப் பழமொழி அன்று, அனுபவம். சம்பா நடவு முடிந்த வயல்களில் நீர் நிறைந்து நிற்கும். வாய்க்கால் கரைகளும் வண்டித்தடங்களும் சேறாகிக் கிடக்கும். தீப்பெட்டி நமத்துப்போகும், உப்பு கசியும், கதவு திறக்க மறுக்கும். அப்படிப்பட்ட மாதத்தில், காகிதத்தை மரப்பெட்டிக்குள் வைத்து, அதை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் துணிவின் அளவை எங்களுக்கு உணர்த்தியது ஒரு பழைய அலமாரியின் கதவு.

2

நண்பர்கள் சிலர் சேர்ந்து டெல்டாவின் சிற்றூர் ஒன்றில் சிறியதொரு வாசகசாலை நடத்திவருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மரச்சாமான் வியாபாரி ஒருவரிடமிருந்து ஐந்தடி நீளமுள்ள தேக்கு அலமாரி ஒன்றை வாங்கினோம். ஏதோ ஒரு நூலக ஊர்தி கழிக்கப்பட்டபோது அதிலிருந்து பெயர்த்தெடுத்தது என்றார் அவர். அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டு அலமாரியைப்போல் அதற்குக் கீல் கதவுகள் இல்லை. முன்னும் பின்னுமாக இரண்டு காடிகளில் ஓடும் இரண்டு தள்ளுகதவுகள் இருந்தன. கைப்பிடியும் துருத்திக்கொண்டிருக்கவில்லை, விரல் நுழையும் அளவுக்குக் குடைந்த வட்டப் பள்ளம் மட்டுமே. புத்தகத்தட்டுகள் உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தன.

வாங்கியது ஆடி மாதம். கதவுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஐப்பசி வந்தது, ஒரு கதவு இறுகிக்கொண்டது. கார்த்திகையில் மற்றதும் இறுகியது. உள்ளே இருந்த புத்தகங்களை எடுக்க முடியாமல் ஒரு மாதம் காத்திருந்த பிறகு எங்களில் ஒருவர், தச்சு தெரியும் என்ற நம்பிக்கையோடு, மேற்சட்டத்தை நெம்பிக் கதவைக் கழற்றினார். இரவல் வாங்கிய இழைப்புளியால் கதவின் மேல்விளிம்பை நன்றாக இழைத்தோம். கதவு ஓடியது. எங்களுக்குப் பெருமையாகவே இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு பிற்பகல், அதே கதவு காடியிலிருந்து விடுபட்டுச் சிறுவன் ஒருவனின் காலருகே விழுந்தது. அடி படவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கம் எளிதில் தீரவில்லை.

அதன் பிறகே முறையாகத் தச்சுவேலை கற்ற ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். ஆசாரி கதவைக் கையில் எடுத்துப் பார்த்தார், விளிம்பைத் தடவினார். "எப்ப இழைச்சீங்க தம்பி?" என்று கேட்டார். கார்த்திகையில் என்றோம். "தண்ணி குடிச்சு ஊதியிருக்கிறப்ப இழைச்சா, காஞ்சதும் அது எங்க போய் நிக்கும்?" என்றார். அதற்கு மேல் அவர் எங்களைக் கண்டிக்கவில்லை.

3

தள்ளுகதவின் இயக்கம் மிக எளியது. எளியது என்பதாலேயே நாங்கள் அதைக் கவனிக்கத் தவறினோம். கீழ்க்காடி ஆழமற்றது. மேற்காடி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமானது. கதவின் மேல்விளிம்பை மேற்காடிக்குள் முழுதாக ஏற்றி, அடிப்பக்கத்தை உள்ளே தள்ளி, கீழே இறக்கினால் கதவு நின்றுவிடும். கழற்றுவதற்கும் அதே வழிதான்: தூக்க வேண்டும், அடியை வெளியே இழுக்க வேண்டும், இறக்க வேண்டும். ஓர் ஆணியையும் தொட வேண்டியதில்லை. ஜப்பானிய வீடுகளின் காகிதத் தள்ளுகதவுகளும் இதே விதியில்தான் நிற்கின்றன. சட்டத்தை நெம்பிய எங்கள் வீரம் வீண்வேலை.

இரண்டாவது விஷயம் மரத்தின் இயல்பு. மரம் நெட்டுவாக்கில் அநேகமாக நீளுவதில்லை; ஈரம் ஏறும்போது ரேகைக்குக் குறுக்கேதான் பருக்கும். எங்கள் கதவுப் பலகையில் ரேகை கிடைமட்டமாக ஓடியது. ஆகவே மழைக்காலத்தில் அது உயரத்தில் வளர்ந்து மேற்காடியின் உச்சியை முட்டியது. வளர்ச்சி ஒரு நெல்லளவுதான். எட்டு நெல் ஒரு விரல் என்று நம் பழைய அளவை முறை சொல்லும். அந்த எட்டில் ஒரு பங்குக்கு இடம் விட்டுத்தான் முதலில் செய்தவர் காடியின் ஆழத்தைக் கணக்கிட்டிருக்கிறார். நாளடைவில் அந்த இடத்தைத் தூசியும் மணலும் அடைத்துக்கொண்டன. நாங்கள் செய்திருக்க வேண்டியது காடியைச் சுரண்டித் துப்புரவு செய்வது ஒன்றே. நாங்களோ கதவைக் குறைத்தோம்.

ஆசாரி கீழ்க்காடியை மெல்லிய உளியால் சுரண்டியபோது மணலோடு இராமபாணப் பூச்சிகளின் சருகுகளும், துருப்பிடித்த குண்டூசிகளும், திருப்பித்தர வேண்டிய நாளை முத்திரையிட்ட சீட்டின் ஒரு கிழிசலும் வந்தன. கிழிசலில் மாதமோ ஆண்டோ தெரியவில்லை. ஊதா மையில் 14 என்ற எண் மட்டும் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டோம்.

4

ஓடும் வண்டியில் கதவுக்கு இவ்வளவு கவனம் ஏன் வேண்டும்? வீட்டில் கதவு ஒரே ஒரு பகையைத்தான் அறியும்: ஈரம். வண்டியிலோ ஈரத்தோடு அதிர்ச்சியும் சேர்கிறது. வில்லற்ற மாட்டுவண்டியின் இரும்புப் பட்டை ஒவ்வொரு கல்லையும் அச்சுக்குச் சொல்லும். அச்சு அதைப் பலகைக்குச் சொல்லும். கீல் கதவாக இருந்தால் குலுக்கலில் கொண்டி நழுவிக் கதவு தானாக வீசித் திறந்துகொள்ளும். ஒற்றை அச்சு வண்டியில் மாடுகளை அவிழ்த்து நுகத்தடியைத் தரையில் சாய்த்தால், உள்ளிருப்பவை எல்லாம் முன்பக்கம் சரியும். இடமோ குறுகியது, கதவை விரித்துத் திறக்க வெளி கிடையாது. வீடுபோல் வாழ்வதற்கென்று கட்டப்பட்ட இழுவண்டிகளில் தள்ளுகதவு பரவியதற்கு இவையே காரணங்கள்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. சங்க காலத்து உமணர் உப்பு வண்டிகளோடு குடும்பமாகவே பயணம் செய்தவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியை உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது; குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டிச் செல்வதையும் காட்டுகிறது. அந்த வண்டி அவர்களுக்குக் கடையும் வீடுமாக இருந்தது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினியைப் புகழ எடுத்த உவமையும் உமணரிடமிருந்து வந்ததே. பாரம் மிகுதி, எருதுகள் இளையவை, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ தெரியாது என்பதால், வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிவைத்துப் போவார்கள். அதன் பெயர் சேமவச்சு. பழுது வரும் என்று அறிந்து, பழுதுக்கான மருந்தையும் பாரத்தோடு பாரமாகச் சுமந்து சென்ற மக்கள் அவர்கள். ஓர் அரசனைப் புகழ, கவிஞர் கண்ணில் பட்டது பழுதுபார்க்கும் பொருள் என்பதை எண்ணிப் பார்க்கையில் வியப்பே மிஞ்சுகிறது.

மேலைநாட்டில் பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்ட முதல் வீட்டுவண்டி என்று பெயர்பெற்றது 1885இல் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் உருவான ‘வாண்டரர்’. கப்பற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் அதில் ஊர் சுற்றினார். மகோகனி, மேப்பிள் மரங்களால் இழைத்த, குதிரைகள் இழுத்த அந்த வண்டி இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

5

புத்தகங்களை ஏற்றிய வண்டிகள் அதற்கும் முன்பே ஓடத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் 1858இல் தொழிலாளர் கல்விக் கழகம் ஒன்று குதிரை வண்டியில் நூல்களை அனுப்பியது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் மேரி டிட்கம் என்ற நூலகர் 1905இல் புத்தக வண்டி ஒன்றைத் தொடங்கினார். வெளிப்பக்கங்களில் தட்டுகள், உள்ளே பெட்டிகள். முதலில் வண்டிக்குப் பூசிய கருநிறம் சவவண்டியை நினைவூட்டியதாம். எங்கள் வீட்டில் சாவு ஒன்றும் இல்லை என்று ஒரு குடியானவர் திருப்பி அனுப்பப் பார்த்ததாகவும், அதன்பின் சக்கரங்களுக்குச் சிவப்பு பூசப்பட்டதாகவும் சொல்வார்கள். 1910இல் அந்த வண்டி இருப்புப்பாதையைக் கடக்கையில் சரக்கு இரயிலில் மோதி நொறுங்கியது. 1912இல் மோட்டார் வண்டி வந்தது.

நம் நாட்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட், 1910இல் டபிள்யூ. ஏ. போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து நூலகத் துறை ஒன்றையே அமைத்தார். அங்கிருந்து மரப்பெட்டிகளில் நூல்கள் கிராமங்களுக்குப் பயணம் செய்தன. 1935இல் பாதூரி நாகபூஷணம் கிருஷ்ணை டெல்டாவின் கால்வாயில் படகு நூலகம் ஒன்றைத் தொடங்கினார். ஆறு தரும் வழி எதுவோ அதில் புத்தகத்தை அனுப்புவது என்ற அளவில், மேலவாசல் வண்டியும் ஆந்திரப் படகும் உடன்பிறப்புகள்.

தஞ்சைக்கு நூலகம் புதியதன்று. சரசுவதி மகால் உண்டு. இரண்டாம் சரபோஜி 1820ஐ ஒட்டிக் காசிக்குப் போனபோதும் சுவடிகளைத் தேடிச் சேர்த்து வந்தார். ஆனால் அந்தச் செல்வம் 1918இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதுவும் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும். நடவு வயலில் நிற்பவர் தஞ்சைக்கு எப்போது போவது? 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்போது இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட எழுத்தறிவு பெற்றிருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை சரிந்திருந்தது. மேட்டூர் அணை கட்டி முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. இந்த நிலையில்தான் அந்த வண்டி.

6

ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, அதே ஆண்டில் இலண்டனுக்குச் சென்று சேயர்ஸ் என்ற அறிஞரிடம் நூலகவியல் பயின்று, 1925இல் திரும்பினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியபோது அதன் செயலாளரானார். நூலகத்தின் ஐந்து விதிகளை வகுத்த அவருடைய நூல் வெளிவந்ததும் 1931ஆம் ஆண்டில்தான். வண்டியும் விதிகளும் ஒரே வயதின.

முதல் விதியின் கருத்து, நூல்கள் பயன்படுவதற்கே என்பது. பூட்டி வைப்பதற்கும் சங்கிலியால் கட்டி வைப்பதற்கும் எதிரான விதி அது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைத் தட்டோடு சங்கிலியிட்டுப் பிணைத்திருந்தார்கள். நம்மிடமோ சங்கிலிக்குப் பதில் கண்ணாடி அலமாரியும் சாவிக்கொத்தும் இருந்தன. ரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தில் தட்டுகளைத் திறந்துவிட்டார். வாசகர் தாமே சென்று எடுக்கலாம். அவருடைய நூலகத்தில் அலமாரிக்குக் கதவு தேவையில்லாத ஒன்று.

வண்டியிலோ கதவு இல்லாமல் முடியாது. எங்கள் அலமாரியின் முன் உட்கார்ந்து ஆசாரியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் புலப்பட்டது இந்த முரண்தான். வழி முழுவதும் மழையிலிருந்தும் புழுதியிலிருந்தும் குலுக்கலிலிருந்தும் நூலைக் காக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். ஊர் வந்ததும், கல்லாதவரும் குழந்தையும் தயங்காமல் கைநீட்டும்படி அது முழுதாக ஒதுங்கி நிற்க வேண்டும். திறக்கும்போது சண்டித்தனம் செய்யும் கதவு வாசகரைத் திருப்பி அனுப்பிவிடும். முதன்முறையாகப் புத்தகத்தைத் தொட வருகிறவரை அது நிச்சயமாகத் திருப்பி அனுப்பும்.

எந்தத் தெருவில் வண்டி நிற்கிறது என்பதும் ஒரு கதவுதான். தெருவுக்குள் நடக்கவே சிலருக்குத் தடை இருந்த காலம் அது. சென்னை மாகாணத்தில் பொதுவிடங்களில் அத்தகைய தடைகளை நீக்கும் சட்டம் 1938இல்தான் வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதி அச்சில் எளிது. அதைச் சேரி வரையில் ஓட்டிச் செல்வது வண்டியோட்டியின் கையில் இருந்தது.

7

விடுதலைக்குப் பிறகு 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதல் சட்டம் அது. வீட்டுவரியோடு நூலக வரியும் வந்தது. கிளை நூலகங்கள் பெருகின. மாட்டுவண்டியின் இடத்தை மோட்டார் ஊர்திகள் எடுத்துக்கொண்டன. எங்கள் அலமாரி அத்தகைய ஊர்தி ஒன்றில் எத்தனை ஆயிரம் மைல் குலுங்கியதோ!

வரலாறு எழுதும்போது தொடங்கிய நாளை எழுதுகிறோம். கொடுத்தவரின் பெயரையும் சிந்தித்தவரின் பெயரையும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். கனகசபைப் பிள்ளையும் ரங்கநாதனும் நன்றியோடு நினைக்கத்தக்கவர்கள். ஆனால் 1931 ஐப்பசியில் ஈரம் ஏறிய அந்த வண்டியை 1932 பங்குனியில் மீண்டும் சரிபார்த்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். கடையாணி தேய்ந்ததைக் கண்டவர், அச்சுக்கு மசகு இட்டவர், நனைந்த நூலை வெயிலில் உலர்த்தியவர் என்று சிலர் இருந்திருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் எந்த வண்டியும் இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை. நாங்கள் படித்த குறிப்புகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை. நூலகங்களைத் திறப்பதற்கு விழா உண்டு. கதவைச் செப்பனிடுவதற்கு விழா கிடையாது. நம் ஊர்களில் மழைநீர் சொட்டும் கூரைக்குக் கீழ் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் புத்தகங்களைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆசாரி எங்கள் கதவை உடனே சரிசெய்யவில்லை. பலகை நன்றாகக் காயட்டும் என்று பங்குனிக் கடைசி வரை எங்களைக் காக்கவைத்தார். பிறகு நாங்கள் இழைத்துத் தள்ளிய விளிம்பில், பழைய தேக்கிலிருந்து அறுத்த மெல்லிய சட்டம் ஒன்றை வைத்து ஒட்டினார். தேய்ந்த கீழ்க்காடியில் இழைத்த மூங்கில் சிம்பு ஒன்றைப் பதித்தார். மெழுகுவர்த்தித் துண்டால் இரண்டு காடிகளையும் தேய்த்தார். கதவை ஏற்றி இறக்கி, ஒரு விரலால் தள்ளினார்; அது ஓசையில்லாமல் போய் நின்றது. மேலே இடைவெளி கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதே என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"அது ஐப்பசிக்கு" என்றார் ஆசாரி.

அதன் பிறகு இரண்டு ஐப்பசிகள் வந்து போயின. கதவு இறுகவில்லை. 14 என்ற எண் உள்ள அந்தக் கிழிசலை அலமாரியின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறோம். யாரோ ஒருவர், ஏதோ ஒரு மாதத்தின் 14ஆம் நாளுக்குள் ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்க வேண்டியிருந்தது. ஊர்தி அவருடைய ஊருக்குத் திரும்பி வந்திருக்கும் என்றே நம்புகிறோம்.